சரக்கு கப்பலேறிய நாள்

பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்தால் போதும். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "சீனியர் சிட்டிசனுக்கு இப்போ எஃப்.டி.க்கு எவ்வளவு தர்றாங்க சார்?" என்பதுதான். அதற்கு என்னிடம் பதில் இருப்பதில்லை. என் சர்வீஸில் பெரும்பகுதி தூத்துக்குடியில், அந்நியச் செலாவணிப் பிரிவில், எல்.சி. டெஸ்க்கில் கழிந்தது. அங்கே நான் தினமும் தேடியது ஒரு தேதியை. சரக்கு எந்த நாள் கப்பலேறியது?

இதில் தேட என்ன இருக்கிறது, தாளிலேயே எழுதியிருக்குமே என்று தோன்றும். எழுதித்தான் இருக்கும். ஆனால் ஒரு தேதி இருக்காது, மூன்று நான்கு இருக்கும். எதை எடுப்பது என்பதில் லட்சக்கணக்கான ரூபாய் தொங்கும். இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷ வரலாறு உண்டு. அது தொடங்கும் இடங்களில் ஒன்று நம்முடைய மதராஸ் கடற்கரை என்பதால் இதை எழுதத் தோன்றியது.

முதலில் எல்.சி. என்றால் என்ன என்று இரண்டு வரி. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவருக்கும் இங்கே விற்கிறவருக்கும் முகப் பழக்கம் கிடையாது. பணம் வராமல் சரக்கு அனுப்ப இவருக்குப் பயம். சரக்கு வராமல் பணம் அனுப்ப அவருக்குப் பயம். நடுவில் வாங்குபவரின் பாங்க் வந்து, "இன்ன தேதிக்குள் சரக்கை ஏற்றி, இன்னின்ன தாள்களை ஒழுங்காகக் கொடுத்தால் நான் பணம் தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்கிறது. அதுதான் லெட்டர் ஆஃப் கிரெடிட். பாங்க்காரன் துறைமுகத்துக்குப் போய் மூட்டையை எண்ணுவதில்லை. அவனுக்குத் தாள்தான் கப்பல், தாள்தான் சரக்கு. அந்தத் தாள்களில் தலையாயது பில் ஆஃப் லேடிங். கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீது அது. அதை வைத்திருப்பவருக்கே சரக்கு சொந்தம்.

மதராஸ் அரிசியும் 50 மூட்டையும்

1874-ல் நடந்த கதை இது. லண்டன் வியாபாரிகள் இருவருக்கிடையே சுமார் 600 டன் மதராஸ் அரிசிக்கு ஒப்பந்தம். "ராஜா ஆஃப் கொச்சின்" என்ற கப்பலில், மதராஸிலோ அந்தக் கரையோரத்திலோ, 1874 மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் ஏற்றப்பட வேண்டும் என்று பேச்சு.

மொத்தம் 8,200 மூட்டை. அதில் 7,120 மூட்டைகளுக்கு பிப்ரவரி கடைசியில் தேதியிட்ட மூன்று பில் ஆஃப் லேடிங்குகள். மிச்சம் 1,080 மூட்டைகளுக்கு நாலாவது பில், தேதி மார்ச் 3. அந்த 1,080-லும் 1,030 மூட்டை பிப்ரவரி 28-ஆம் தேதியே கப்பலில் ஏறிவிட்டது. மார்ச் மாதத்தில் உண்மையில் ஏறியது வெறும் 50 மூட்டை.

வாங்கியவர், "இது மார்ச் அரிசி இல்லை, பிப்ரவரி அரிசி, வேண்டாம்" என்றார். விற்றவர், "அரிசியில் என்ன குறை? ஏற்றி முடித்தது மார்ச்சில்தானே?" என்றார். வழக்கு மேலே மேலே போயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் விற்றவர் பக்கம் நின்றது. ஆனால் 1877-ல் பிரபுக்கள் சபை அதை மாற்றி, வாங்கியவர் மறுத்தது சரி என்று தீர்ப்புச் சொன்னது. 'ஏற்றுவது' என்றால் கப்பலில் வைப்பது. பிப்ரவரியில் வைத்தது பிப்ரவரி சரக்கு. அரிசி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேசியது அது இல்லை.

இளம் அதிகாரியாக இந்த வழக்கைப் படித்தபோது, இது என்ன விதண்டாவாதம் என்றுதான் தோன்றியது. ஒரு வாரம் முன்னால் ஏற்றினால் லாபம்தானே? பிறகு வியாபாரிகளோடு பழகப் பழகப் புரிந்தது. ஒரு மாதம் முன்னால் ஏறும் சரக்கு ஒரு மாதம் முன்னால் பணம் கேட்கும். வாங்குபவர் அந்தப் பணத்துக்கு ஏப்ரலில்தான் ஏற்பாடு செய்திருப்பார். அவரிடமிருந்து வாங்கப் போகிறவருக்கு அவர் வேறொரு தேதி வாக்குக் கொடுத்திருப்பார். தேதியும் சரக்கின் ஒரு குணம்தான்.

ஏன் அவ்வளவு நாள் ஆனது, ஏன் மூட்டை மூட்டையாகத் தேதி பிரிந்தது என்று இன்றைய இளைஞர்கள் கேட்கலாம். அன்றைக்கு மதராஸில் துறைமுகமே கிடையாது. 1861-ல் ஒரு இரும்புப் பாலம் கடலுக்குள் நீட்டினார்கள், அவ்வளவுதான். துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டியது 1875 டிசம்பரில், வேல்ஸ் இளவரசர் வந்தபோது. அதுவரை கப்பல் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோகும். அலை பெரிதானால் அன்றைக்கு வேலை இல்லை.

தூத்துக்குடியிலும் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். கரையோரம் ஆழமில்லாத கடல். பெரிய கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நிற்கும். பருத்தியும் மற்றதும் தோணிகளில் போகும். 1974-ல் பெரிய துறைமுகம் வந்த பிறகுதான் கப்பல் நேராக வார்ஃபில் வந்து கட்டியது. இதை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கியதா, ஏற்றியதா?

கரைக்கும் கப்பலுக்கும் நடுவே உள்ள அந்த ஐந்தாறு மைலில்தான் என் கேள்வியின் உயிர் இருக்கிறது. சரக்கு ஏஜென்ட் கையில் வந்துவிட்டது. கிடங்கில் இருக்கிறது, அல்லது தோணியில் மிதக்கிறது. கப்பலில் ஏறவில்லை. இப்போது அது 'அனுப்பப்பட்டதா' இல்லையா?

பழைய வழக்கப்படி சரக்கு கப்பலில் ஏறியதும் சீஃப் மேட் ஒரு ரசீது போடுவார். மேட்ஸ் ரிசீட் என்று பெயர். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பில் ஆஃப் லேடிங் கிடைக்கும். ஆகவே பில் தேதிக்கு அடியில் உண்மையில் ஏற்றிய நாள் ஒன்று இருந்தது. பிறகு நீராவிக் கப்பல்கள் அட்டவணை போட்டு ஓட ஆரம்பித்தன. கம்பெனிகள் கிடங்கில் சரக்கை வாங்கியவுடனேயே பில் கொடுக்கத் தொடங்கின. ஒன்று 'ஏற்றியாயிற்று' பில், மற்றது 'ஏற்றுவதற்காக வாங்கிக்கொண்டோம்' பில். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு பணம் கொடுத்த பாங்க்கின் சரக்கு இன்னும் கரையிலேயே கிடக்கலாம்.

1924-ல் வந்த ஹேக் விதிகள் இதற்கு ஒரு வழி சொன்னது. சரக்கு ஏறியதும் கேட்டால் 'ஏற்றியாயிற்று' என்ற பில்லைக் கொடுத்தாக வேண்டும், அல்லது பழைய பில்லிலேயே கப்பல் பெயரும் ஏற்றிய தேதியும் குறிக்க வேண்டும். அடுத்த வருஷமே, 1925-ல், நம் நாட்டிலும் கடல்வழிச் சரக்குச் சட்டத்தில் அது இடம்பெற்றது. நாங்கள் பின்னாளில் ஆயிரக்கணக்கான தாள்களில் பார்த்த 'ஷிப்ட் ஆன் போர்டு' ரப்பர் ஸ்டாம்பின் பூர்வீகம் அங்கேதான் இருக்கிறது.

பாங்குகளுக்கு என்று பொது விதி வந்தது 1933-ல். பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை வியன்னா மாநாட்டில் அதை ஏற்றது. யு.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்வோம். பிரிட்டிஷ் பாங்குகள் ரொம்ப நாள் சேராமல் இருந்து, 1962 திருத்தத்தின் போதுதான் சேர்ந்தன. அதன்பின் 1974, 1983, 1993 என்று திருத்தங்கள். இப்போது நடப்பில் இருப்பது 2007 ஜூலை 1 முதல் அமலான யு.சி.பி. 600. 39 பிரிவுகள் கொண்ட சின்னப் புத்தகம்.

தேதி பற்றி அந்தப் புத்தகம் சொல்வதைப் பேச்சு வழக்கில் சொல்கிறேன். பில் ஆஃப் லேடிங் 'ஏற்றியாயிற்று' என்று அச்சிட்ட வகையாக இருந்தால், பில் கொடுத்த தேதியே சரக்கு ஏறிய தேதி. தனியாக 'ஆன் போர்டு' குறிப்பு தேதியோடு இருந்தால், அந்தக் குறிப்பின் தேதிதான் செல்லும், பில் தேதி செல்லாது. கப்பல் பெயருக்கு முன் 'உத்தேசக் கப்பல்' என்று இருந்தால், உண்மையில் எந்தக் கப்பலில் எந்த நாள் ஏறியது என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும். விமானச் சரக்கென்றால் ஏர்வே பில் கொடுத்த தேதி. புறப்பட்ட தேதி என்று அதில் தனிக் குறிப்பு இருந்தால் அது. விமான எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் தேதியைக் கண்டுகொள்ளக் கூடாது. புதிதாக டெஸ்க்குக்கு வரும் பையன்கள் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

வார்த்தைகளுக்கும் கணக்கு உண்டு. எல்.சி.யில் ஒரு தேதியைக் குறித்து 'அன்றோ அதை ஒட்டியோ' என்று போட்டிருந்தால் ஐந்து நாள் முன், ஐந்து நாள் பின், ஆக மொத்தம் பதினொரு நாள். மாதத்தின் முதல் பாதி என்றால் 15 வரை. மாத ஆரம்பம் என்றால் 1 முதல் 10, நடு என்றால் 11 முதல் 20, கடைசி என்றால் 21 முதல் முடிவு வரை. நம் வீடுகளில் "மாசக் கடைசியில தர்றேன்" என்பதற்கு இப்படி ஒரு இலக்கணம் இருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகும்!

ஒரு சுவாரசியம். ஒரே கப்பலில் ஒரே பயணத்தில் போகும் சரக்குக்கு நாலைந்து பில்கள் வேறு வேறு தேதிகளில் இருந்தால், அவற்றில் கடைசித் தேதியையே ஏறிய தேதியாகக் கொள்ள வேண்டும் என்று இன்றைய விதியில் 31-ஆம் பிரிவு சொல்கிறது. அதை அப்படியே 1874-க்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால், எல்.சி. டெஸ்க்கில் அந்த மதராஸ் அரிசிக்குத் தேதி மார்ச் 3! கடைசியாக ஏறிய 50 மூட்டை மிச்சம் 8,150 மூட்டையையும் கரை சேர்த்திருக்கும்.

கன்டெய்னர் வந்த பிறகு

விதி தெளிவாகிவிட்டதே, இனி என்ன சிக்கல் என்று நினைத்த நேரத்தில் கன்டெய்னர் வந்தது. திருப்பூர் பனியன் பெட்டியில் ஏறி லாரியில் தூத்துக்குடிக்கு வருகிறது. யார்டில் ஒப்படைத்த நாள் ஒன்று. ஃபீடர் கப்பலில் ஏறிய நாள் ஒன்று. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறிய நாள் இன்னொன்று. பில் டைப் அடித்த நாள் தனி. கப்பல் கிளம்பிய நாள் அதுவும் தனி. கிளம்பிய நாள்தான் கணக்கு என்று பல ஏற்றுமதியாளர்கள் கடைசிவரை நம்பினார்கள். அது தவறு. ஏறிய நாள்தான் கணக்கு. ஏறிவிட்டுக் கப்பல் மூன்று நாள் அங்கேயே நின்றாலும் தேதி தேதிதான்.

பில்லில் 'முன்பயணம்' என்ற கட்டத்தில் ஃபீடர் பெயரும், 'கப்பல்' என்ற கட்டத்தில் கொழும்புக் கப்பல் பெயரும் இருக்கும். கீழே 'ஏற்றியாயிற்று' என்று பொதுவாக அச்சாகியிருக்கும். எதில் ஏற்றியாயிற்று? தூத்துக்குடி ஃபீடரிலா, கொழும்புக் கப்பலிலா? இதில் உலகம் முழுக்க பாங்குகள் முட்டிக்கொண்டன. 2010 ஏப்ரலில் சர்வதேச வர்த்தக சபையின் பாங்கிங் குழு இதற்கென்றே ஒரு பரிந்துரை வெளியிட்டது. எந்தெந்த அமைப்பில் தனியாக 'ஆன் போர்டு' குறிப்பு வேண்டும், அதில் கப்பல் பெயரும் துறைமுகமும் எப்போது வேண்டும் என்று மாதிரி மாதிரியாகச் சொன்ன தாள் அது. பெரிய நிம்மதி.

இதெல்லாம் தாள் சண்டை என்று தள்ளிவிட முடியாது. சின்ன ஏற்றுமதியாளர் ஒருவர் எனக்குப் பழக்கம். நிலாவரை இலை அனுப்புபவர். உலகச் சந்தையில் 'திருநெல்வேலி சென்னா' என்று பெயர் வாங்கிய இலை அது. விவசாயிகளிடம் கடனுக்கு எடுத்து, காயவைத்து, பேல் கட்டி அனுப்புவார். எல்.சி. பணம் வந்தால்தான் ஊரில் பத்துப் பேருக்குப் பட்டுவாடா. ஒரு வருஷம் கடைசித் தேதி 31. சரக்கு யார்டில் 28-ஆம் தேதியே கொடுத்தாயிற்று. வங்கக் கடலில் புயல், ஃபீடர் வரவில்லை. ஏறியது அடுத்த மாதம் 2-ஆம் தேதி.

வேர்த்து விறுவிறுத்து வந்தார். "சார், ஏஜென்ட் ஆபீஸ்ல 31-னு ஸ்டாம்ப் போட்டுத் தர்றேங்கிறாங்க. ரெண்டு நாள்தானே? வாங்கிக்கவா?"

எங்கள் மேனேஜர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, புயல் வந்தது ஊருக்கே தெரியும். 31-ந் தேதி தூத்துக்குடியில கப்பலே இல்லைன்னு வாங்குறவன் ஒரு போன் போட்டுத் தெரிஞ்சுக்குவான். அப்புறம் உங்க சரக்கை மட்டும் இல்லே, உங்க பேரையும் சந்தேகப்படுவான். தேதி நீட்டித் தரச் சொல்லி இப்பவே கேளுங்க."

கேட்டார். வாங்குபவர் எல்.சி.யைத் திருத்தித் தந்தார். திருத்தக் கட்டணம் இவர் தலையில். பணம் வரப் பன்னிரண்டு நாள் தாமதம். அந்தப் பன்னிரண்டு நாள் அவர் விவசாயிகள் கண்ணில் படாமல் சுற்று வழியில் வீட்டுக்குப் போனதாகப் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னார். அதன்பின் பல வருஷம் அதே வாங்குபவரோடு வியாபாரம் நடந்தது.

ஒரே ஒரு நாள்

தேதியை ஒரு நாள் முன்னால் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த வழக்கு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து பெரு நாட்டுக்குக் கண்ணாடி இழை தயாரிக்கும் இயந்திரம். எல்.சி.யில் கடைசித் தேதி 1976 டிசம்பர் 15. 'அமெரிக்கன் அக்கார்டு' என்ற கப்பலில் சரக்கு ஏறியது டிசம்பர் 16. சரக்கு ஏற்றும் தரகர் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 15 என்று குறித்துக் கொடுத்துவிட்டார். விற்றவருக்கு அது தெரியாது. உறுதி கொடுத்திருந்த ராயல் பாங்க் ஆஃப் கனடா, தேதி பொய் என்று பணம் தர மறுத்தது.

கீழே இருந்து பிரபுக்கள் சபை வரை போய் 1982-ல் முடிந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பாங்க் பக்கம் நின்றது. பிரபுக்கள் சபை அதைத் திருப்பியது. தாள் பார்வைக்குச் சரியாக இருக்கிறது. பொய் செய்தது மூன்றாவது ஆள், பணம் கேட்பவர் அல்ல. ஆகவே பாங்க் பணம் தர வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாங்கியவர் தன் நாட்டு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டை ஏமாற்ற, இயந்திரத்தின் விலையை இரட்டிப்பாக எழுதச் சொல்லியிருந்தார். அந்தக் கூடுதல் பாதிக்குப் பணம் கிடையாது என்று அதே தீர்ப்பு சொல்லிவிட்டது.

பொய்யை அறிந்தே செய்தவர் கதை வேறு. ஈரானிலிருந்து வியட்நாமுக்குத் தார் அனுப்பிய வழக்கில் கடைசித் தேதி 1993 அக்டோபர் 25. ஏற்றத் தாமதமாயிற்று. கப்பல் கம்பெனியோடு பேசி, பில்லில் அதே 25-ஐப் போட்டு வாங்கினார்கள். ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு பாங்க் பணம் கொடுத்தது. வியட்நாம் பாங்க் தாள்களை ஏற்காததால் போட்ட பணம் மாட்டிக்கொண்டது. 2002-ல் தீர்ப்பு வந்தது. கம்பெனி சார்பாகச் செய்தேன் என்று நிர்வாக இயக்குநர் ஒதுங்க முடியாது, தெரிந்து பொய் சொன்னவர் தன் சொந்தப் பொறுப்பில் நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்றது பிரபுக்கள் சபை. ரப்பர் ஸ்டாம்பில் ஒரு எண்ணை மாற்றுவது கம்பெனியோடு நிற்காது, வீட்டு வாசல் வரை வரும்.

ஏற்றுமதி செய்யும் பிள்ளைகள், பேரன்கள் உள்ளவர்கள் இரண்டு விஷயத்தைச் சொல்லிவையுங்கள். எல்.சி. காலாவதியாகும் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் தாள் கொடுக்கலாம். ஆனால் கடைசியாகச் சரக்கேற்றும் தேதிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஞாயிறென்றாலும் பொங்கலென்றாலும் அன்றோடு சரி. இரண்டாவது, எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால், சரக்கு ஏறிய தேதியிலிருந்து 21 நாளுக்குள் தாள்களைக் கொடுக்க வேண்டும். எல்.சி. காலாவதி அதற்குமுன் வந்தால் அதற்குள். ஆக, ஏறிய தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டால் அடி இரண்டு பக்கமும் விழும்.

இப்போது எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதைக் கைபேசியிலேயே பார்க்கலாம். பொய்த் தேதி போட்டால் அன்று மாலையே பிடிபடும். ஆனாலும் விதி மாறவில்லை. பாங்க் பார்க்க வேண்டியது தாளை மட்டும்தான். கப்பலை நேரில் பார்க்காத ஒருவர், சரக்கைத் தொட்டுப் பார்க்காத இன்னொருவருக்காக, ஒரு தேதியை நம்பிப் பணம் கொடுக்கிறார். மசூலாப் படகு காலத்தில் மேட் கையெழுத்துப் போட்ட ரசீதின் மேல் வைத்த நம்பிக்கையும் இதுவேதான். நிலாவரை வியாபாரி காலமாகிவிட்டார். அவர் மகன் இப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். புயல் எச்சரிக்கை வந்தால் தேதி நீட்டச் சொல்லி முதல் ஆளாக மெயில் போடுவது அவர்தான் என்று, இப்போது அந்த டெஸ்க்கில் இருக்கும் தம்பி போன வாரம் சொன்னார்.